நின்றுபோன புள்ளியும் சொல்லி முடித்த செபமும்

என் அன்பு ரோஸ்லின் அக்காவுக்கு,

நீ வேலையை விட்டு வெளியூர் போன பிறகு நம் டிவி சேனலில் கடற்கரைச் செய்திகளை நான்தான் பார்க்கிறேன். இன்று உன் தம்பி மிக்கேலைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது படகுகளில் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். படகு கடலில் எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களின் போனில் ஒரு புள்ளி காட்டும். போன வாரம் படகுக்காரர் சூசை அண்ணாச்சியிடம் கேட்டு மிக்கேல் தனியாக எடுத்துப் போன படகின் புள்ளி காலையிலிருந்து ஒரே இடத்தில் நின்றது. காற்றும் பலமாக இருந்தது. உன் அம்மா கதற, தெருப் பெண்கள் கூடி மரித்தவர்களுக்கான செபத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் மீன்கூடையோடு கரையேறினான்.

அன்றிலிருந்து அவனை யாரும் படகில் ஏற்றுவதில்லை. செபம் சொல்லியாகிவிட்ட ஆளைக் கடலுக்குக் கூட்டிப் போகக் கூடாதாம்.

நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? தொழில்நுட்பம் மனிதர்களை என்ன செய்கிறது என்று எழுத, அதன் உள்வேலையும் தெரிய வேண்டும் என்பேன். "ஏளா, மிக்சியப் பத்தி எழுத மோட்டாரக் கழத்தியா பாக்கணும்? அரைக்கிறவளப் பாரு, போதும்" என்று சிரிப்பாய்.

இந்த முறை கழற்றித்தான் பார்த்தேன். சிக்னல் அறுந்தால், கடைசியாகத் தெரிந்த இடத்திலேயே புள்ளி நிற்குமாம். கருவி பொருத்துகிறவர் சொன்னார். அந்தப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. இந்தக் கருவிகளைக் கொடுத்த விழாவில் ரிப்பன் வெட்டியதைப் படம்பிடிக்கப் போன நாமும் கேட்கவில்லையே, அக்கா.

மிக்கேலைத் திரும்பவும் படகில் ஏற்றச் சொல்லி சூசை அண்ணாச்சியிடம் ஓடினேன். எல்லாம் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"புள்ளி பொய் சொல்லிச்சு, சரிம்மா. செபமும் பொய்யா?"

மிக்கேல் பக்கத்திலேயே நின்றான், தலை நிமிரவில்லை.

அப்படியென்றால் நீ சொன்னதுதான் சரியா? மோட்டார் தெரிந்தும் அண்ணாச்சிக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் அந்தச் செபமே தொடங்கியிருக்காதே! யோசிக்க யோசிக்கத் தலை வலிக்கிறது.

எடிட்டர் தலைப்பே வைத்துவிட்டார்: 'செத்துப் பிழைத்த மீனவர்'. அது ஒளிபரப்பானால் இந்தக் கரையில் உன் தம்பி செத்தவன்தான். பயமாக இருக்கிறது, அக்கா.

அந்தத் தலைப்பில் செய்தியைக் கொடுக்க மாட்டேன். நாளை வீடு வீடாகப் போய், புள்ளி ஏன் நிற்கும் என்று பெண்களுக்குச் சொல்வேன். சொன்ன செபத்தை என்ன செய்வது என்று உன் அம்மாவிடமே கேட்பேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது. எது எப்படியானாலும் என் செய்தியின் முதல் வரியில் மிக்கேல் உயிரோடு இருப்பான். இது சத்தியம்.

உன் கூடப்பிறக்காத தங்கச்சி,
பேச்சி