சங்கு நேரத்தில் போனை யார் எடுப்பது

அன்பு மகள் அகெனேசேவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் நல்ல சுகமாய் இருக்க வேண்டும், அதற்குத்தான் தினமும் முழங்கால் போடுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, மாடிப்படி ஏறினால் மூட்டு வலிக்கும், இப்போது ஏறுவதற்கு மாடிப்படியே இல்லை, அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் நீ இரண்டாவது வார்த்தையிலேயே எல்லாத்தையும் மூடிட்டு இங்க வந்துரும்மா என்கிறாய், நான் பேச்சை மாற்றுகிறேன், அப்புறம் இரண்டு பேரும் மழை வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். உன் சித்தி சபைப் பாட்டுக்காரர்களோடு ஆக்லாந்துக்கு வருகிறாள், அவள் கையில் இதையும் கோகோ பொட்டலத்தையும் கொடுத்து விடுகிறேன். என் எழுத்து கோணல்மாணலாய்த்தான் இருக்கும், பள்ளிக்கூடத்தை நான் கொஞ்ச காலம்தான் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும், நிறுத்தி நிறுத்திப் படி.

அப்பா கல்லறைக்கு சிமெண்டு பூசியாகிவிட்டது. ஓடு பதிக்க இன்னும் கொஞ்சம் பொறு, மண் இறுகட்டும் என்று அமோசா அண்ணன் சொல்லிவிட்டார், ஊர்த் தலைவர் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல. ஆபீஸ் சமாச்சாரத்துக்கு வருகிறேன். ஆப்பியாவில் துணிக்கடைக்கு மேலே நாம் வாடகைக்கு இருந்த மாடியை விற்றுவிட்டார்கள், வாங்கினவர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இது உனக்குத் தெரிந்ததுதான், அதனால்தானே வந்துவிடு என்கிறாய். உன் அப்பா உங்கள் ஆக்லாந்து ஹீட்டர் கம்பெனிக்குப் போன் எடுக்கிற வேலையை இங்கே கொண்டு வந்தபோது சபையில் எல்லாரும் சிரித்தார்கள், தானியேலு, ஹீட்டரையே கண்ணால பாக்காத ஊர்ல உக்காந்து ஹீட்டருக்குப் பதில் சொல்லப் போறியா, குளிர்னா என்னன்னு உனக்குத் தெரியுமாய்யா என்று. அவர் அதற்கு, தெரியாது, ஆனா குளிர்றவன்கிட்ட பொறுமையாப் பேசத் தெரியும் என்றார். அந்தப் பேச்சில் ஐந்து வீட்டில் அடுப்பு எரிகிறது. நான் அந்த ஆபீசில் செய்ததெல்லாம் மத்தியானத்துக்குச் சேம்பும் மீன் குழம்பும் ஆக்கிப் போட்டதுதான். அவர் போன பிறகு ஐந்து பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் யார் முகத்தைப் பார்க்க.

மாடியைக் காலி பண்ணுகிற வாரம் எல்லாரையும் தரையில் உட்கார வைத்துக் கேட்டேன், மூடிவிடவா என்று. பெதேலோதான், அந்தப் பெரிய உடம்புக்காரன், சொன்னான், அம்மா, போன் கம்பியில வர்றதில்ல, இன்டர்நெட்லதான் வருது, அது ஆப்பியாவுக்கு வந்தா எங்க ஊருக்கும் வரும், ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவோம் என்று. சியெனி உடனே, எல்லாம் வரும், அம்மா வைக்கிற குழம்பு வருமா, உனக்கு அது வராட்டி நீ ஒரு வாரத்துல பாதியாயிடுவியே என்றாள். சிரித்தோம். அவர் போன பிறகு அந்த மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். சரி, செய்து பார்ப்போம் என்றேன்.

வீட்டில் உட்கார்ந்து வேலை செய்வது என்றால் ஏதோ பாயை விரிக்கிற மாதிரி என்று நினைத்தேன், ஆனால் அவ்வளவு பாடு. நம் வீடுகளுக்குச் சுவர் எங்கே இருக்கிறது. தூணும் கூரையும்தான், காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும், காற்றோடு சேவலும் நாயும் பக்கத்து வீட்டு ரேடியோவும் வரும். பெதேலோ வீட்டுச் சேவல் கத்தியதைக் கேட்டு ஆக்லாந்தில் ஒரு பெரியவர், தம்பி, நான் ஹீட்டர்காரருக்குப் பண்ணினேனா, கோழிப் பண்ணைக்குப் பண்ணிட்டேனா என்று கேட்டாராம். அவன் இப்போது அவன் மாமாவின் ஓடாத பஸ்ஸுக்குள் ஜன்னலை எல்லாம் ஏற்றி விட்டு உட்கார்ந்திருக்கிறான், வேர்த்துக் கொட்டுகிறது, வீட்டுக்காரி விசிறிக்குத் தனியாக வயர் இழுத்துக் கொடுத்திருக்கிறாள். ரூதாவின் ஊர் தெற்குக் கரை, அங்கே மழை அதிகம், தகரக் கூரையில் மழை விழுந்தால் எண்ணெயில் எதையோ பொரிக்கிற மாதிரி கேட்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் சொன்னார்கள். அவள் மேசைக்கு மேலே பழைய பாய்களை இரண்டு மடிப்பாய்க் கட்டிவிட்டோம், சத்தம் பாதி குறைந்தது. அவள் வீட்டு மின்சாரம் முன்னாலேயே காசு போட்டால்தான் ஓடும், ஒரு நாள் ஒரு அம்மா அழுதுகொண்டே ஹீட்டர் நின்றுபோனதைச் சொல்லும்போது நம் பக்கம் மின்சாரம் நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு பேட்டரிப் பெட்டி. அப்பாவின் பழைய ஹெட்போன் இரண்டுக்குப் பஞ்சு மாற்றி, மற்ற மூன்றும் புதிதாய் வாங்கினேன்.

இதெல்லாம் பொருள், வாங்கினால் முடிந்தது. வாங்க முடியாதது வீட்டு மனிதர்கள். ஆப்பியாவுக்குப் பஸ் ஏறிப் போனால் வேலைக்குப் போகிறாள் என்று விடுவார்கள், வீட்டு மூலையில் உட்கார்ந்தால் சும்மா இருக்கிறாள் என்றுதானே கண்ணுக்குப் படும். ரூதாவின் மாமியார் பக்கத்து வீட்டில் போய், எங்க மருமக காலையிலேர்ந்து தனியாப் பேசிக்கிட்டிருக்கா, எனக்கு என்னமோ பயமா இருக்கு என்றாளாம். இன்னொரு நாள் ரூதா போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே மாமியார் அவள் மடியில் குழந்தையை வைத்துவிட்டு ஓடைக்குப் போய்விட்டாள். நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரொட்டிப் பெட்டியும் டின் மீனும் எடுத்துக்கொண்டு போய், முறையாய்த் தரையில் உட்கார்ந்து, பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டேன், காதில் அந்தக் கறுப்பு வளையம் இருந்தால் பிள்ளை வீட்டில் இல்லை, ஆப்பியாவில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று. அந்த மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, அப்ப மத்தியானம் சாப்பிட ஆப்பியாவுலேர்ந்து வருவாளா, இல்ல நான் பஸ்ல குடுத்தனுப்பணுமா என்றாள். கொடுத்து அனுப்புங்கள் என்றேன். இப்போது அவளே வாசலில் உட்கார்ந்து, யார் வந்தாலும் ரூதா ஊரில் இல்லை என்று விரட்டுகிறாளாம்.

முதல் வாரம் பகலெல்லாம் நன்றாய்ப் போனது. எல்லாவற்றையும் யோசித்தோம், மின்சாரம், மழை, சேவல், மாமியார், ஒன்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. சங்கு நேரம். நம் ஆட்கள்தான் இப்படி ஒரு தப்புப் பண்ண முடியும் அகெனேசே. ஆப்பியாக் கடைத்தெருவில் யார் சங்கு ஊதுகிறார்கள், அங்கே மாலை ஜெபத்துக்கு ஊர் அடங்குகிற வழக்கம் இல்லை, சாயங்கால வேலைக்காரர்கள் அவர்கள் பாட்டுக்குப் போன் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அதுவரை சாயங்காலம் போன் அவ்வளவாய் வராததால் தெரியவில்லை, உங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கின முதல் திங்கட்கிழமை எல்லாரும் அவரவர் ஊரில் இருந்தார்கள். இருட்டுகிற நேரம் சங்கு ஊதியது. கேட்டதும் கை தானாகவே ஹெட்போனைக் கழற்றிவிட்டது, சொல்லி வைக்கவில்லை ஒன்றும் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தானே. பாட்டு, வேதம், ஜெபம், முடிந்ததும் சாப்பாடு, பெரும்பாலான வீடுகளில் அதுதானே ஒழுங்கு. பெரியவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதானே இளையவர்கள் சாப்பிட்டு எழ முடியும். நமக்கு இருட்டுகிற நேரம் அங்கே வேலை விட்டு வீட்டுக்கு வந்து ஹீட்டரைப் போடுகிற நேரம், போட்டால் எரியாத ஹீட்டருக்கெல்லாம் அப்போதுதான் போன் வரும். வந்தது. எடுக்க ஒரு ஆள் இல்லை.

கம்பெனியிலிருந்து அந்த கிளெனிஸ் அம்மாள் எனக்கே போன் பண்ணினாள். அவள் நல்லவள்தான், அப்பா போனபோது மாலை வாங்கி வைக்கச் சொல்லிப் பணம் அனுப்பினாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் பேசினேன். புயலா, லைன் அறுந்து போச்சா என்று கேட்டாள். இல்லை, ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தோம் என்றேன். ஐந்து பேருமா என்றாள். நாடே பண்ணியது என்றேன். அப்புறம் மெதுவாய்ச் சொன்னாள், ஃபுவாதினோ, உங்க வீட்டுக்காரருக்காக நான் இங்க மேலே இருக்கிறவங்ககிட்ட ஒரு தடவை பேசலாம், ரெண்டாந்தடவை பேச முடியாது, இன்னொரு சாயங்காலம் இப்படி ஆனா வேலை வேற நாட்டுக்குப் போயிடும் என்று. நீ சொன்னதுதான் சரியோ என்று அன்றைக்கு நினைத்தேன். உன் பழைய பெட்டியைக்கூடப் பரணிலிருந்து இறக்கினேன்.

மறுநாள் அமோசா அண்ணனிடம் போனேன், சங்கு நேரத்தில் ஒரே ஒரு வீட்டுக்குப் போன் எடுக்க அனுமதி கேட்டு. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. தங்கச்சி, உனக்கு விட்டுக் குடுத்தா நாளைக்குக் கடைக்காரன் கேப்பான், அடுத்த நாள் கார்க்காரன் கேப்பான், அப்பறம் சங்கு எதுக்கு ஊதுறோம், மாட்டைக் கூப்பிடவா என்றார். தானியேலுவே நேரில் வந்து கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்றும் சொன்னார். சரி என்று எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மத்தியானம் ஐந்து பேரையும் நம் வீட்டுக்கு வரச் சொல்லி, சமைத்துப் போட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்னே சண்டை. ரூதா பெதேலோவைப் பிடித்துக்கொண்டாள், எல்லாம் உன்னாலதான், நீதான் முதல்ல போனை விட்டுட்டு ஓடினே, உங்க ஊர்ல சூரியன் கடல்ல கால் நனைக்கிறதுக்குள்ள சங்கு, என்ன அவசரம், சொர்க்கத்துல முதல் பஸ்ஸு புடிக்கணுமா என்று. அவன் விடுவானா, உங்க ஊர்க்காரங்க சாப்பிட்டு ஏப்பம் விட்டுட்டுத்தானே ஜெபம் பண்றீங்க, அதுவும் சங்கு ஊத ஒருத்தனுக்கும் மூச்சு இல்லாம காலி கேஸ் சிலிண்டரத் தட்டுறீங்க என்றான். சியெனி நடுவில், எங்க வாய்தேலேயில சங்கும் இல்ல சிலிண்டரும் இல்ல, தலைவரும் இல்ல, வந்து குடியேறினவங்க ஊரு, நான் கடிகாரத்தப் பாத்துத்தான் கண்ண மூடுறேன், நான் யாரைத் திட்ட என்றாள். நான் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். கழுவின கை நின்றுவிட்டது. நீங்க சண்டை போடுறது எதப் பத்தி, கொஞ்சம் திரும்பச் சொல்லுங்க என்றேன். பெதேலோ ஊரில் சீக்கிரம், மற்ற இரண்டு பேர் இருக்கிற நம் ஊரிலும் பக்கத்து ஊரிலும் அதற்கப்புறம், ரூதா ஊரில் கடைசியாய், சியெனிக்கு அவள் இஷ்டம். ஜெபம் எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிடவே இல்லை. ஒரே நேரத்தில் எல்லாரையும் பிடித்து வைத்தது சாப்பாடு. முதலில் ஜெபம் முடித்தவன் பெரியவர்கள் சாப்பிட்டு எழக் காத்திருந்தான், அதற்குள் மற்றவர்களுக்குச் சங்கு ஊதிவிட்டது.

அதனால் சங்கை ஒருவரும் தொடவில்லை, சாப்பாட்டைத்தான் தள்ளினோம். அவனவன் ஊர் சங்கு ஊதும்போது அவனவன் ஜெபத்துக்குப் போவான், அந்த நேரம் மற்றவர்கள் எடுப்பார்கள், ஆமென் சொன்னதும் திரும்பி வந்துவிட வேண்டும், ஆக்லாந்துக்காரர்கள் தூங்கப் போன பிறகுதான் சோறு. இதற்காக மறுபடியும் வீடு வீடாய்ப் போனேன். ரூதாவின் மாமியார்தான் பெரிய மலை என்று பயந்தேன், அவளோ, ஆப்பியாவுல இருக்கிறவ எப்படி எங்களோட சாப்பிட முடியும், தட்ட மூடி வைக்கிறேன் போ என்றுவிட்டாள்.

போன வியாழக்கிழமை உங்கள் பக்கம் ஆலங்கட்டி மழையாமே, நீயே சொன்னாய் கை விறைக்கிறது என்று. அன்றைக்குத்தான் எங்களுக்குப் பரீட்சை. நான் நம் வீட்டு மூலையில் அப்பாவின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று பச்சைப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த அளவுக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெதேலோ சிவந்தான், மற்ற நாலும் பச்சை. அவன் பச்சையானான். அப்புறம் நம் ஊர் சங்கு ஊதியது, நான் எழுந்துவிட்டேன்.

மகளே, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். அவர் போனதிலிருந்து நான் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததில்லை. வேலை இருக்கிறது என்று மாடியிலேயே உட்கார்ந்திருப்பேன், கடைசிப் பஸ்ஸில்தான் வருவேன், விடுமுறை நாளிலும், மாடி போன பிறகு தினமும், ஜெபத்துக்கு உன் சித்தி வீட்டுக்குப் போய்விடுவேன். மாடி போனதும் எனக்கு வந்த பயம் அதுதான், போனும் பணமும் அப்புறம். அவர் சாய்ந்து உட்காரும் தூண் அப்படியே இருக்கிறது, அவர் பாட்டை எடுத்தால்தான் நாங்கள் சேர்ந்து பாடுவோம், எனக்கு எடுத்துப் பழக்கமில்லை. அன்றைக்குச் சித்தி பிள்ளைகள் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நான் போய் உட்கார்ந்தேன். யாரும் எடுக்கவில்லை. சுற்றி எல்லா வீட்டிலும் பாட்டுக் கேட்கிறது, நம் வீடு மட்டும் சும்மா இருக்கிறது. பிள்ளைகள் தூணைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். எடுத்தேன். ரொம்ப மேலே எடுத்துவிட்டேன், இரண்டாம் அடியில் குரல் கிழிந்தது, சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், நிறுத்திவிட்டுக் கீழே இறக்கி மறுபடி எடுத்தேன். கடைசி வரை பாடினோம்.

எழுந்து வந்து பார்த்தால் ஒரு போன்கூடத் தவறவில்லை. கொஞ்ச நேரத்தில் கிளெனிஸ் கூப்பிட்டாள். இன்னைக்கு எல்லாத்தையும் எடுத்துட்டீங்க, ஜெபத்த நிறுத்திட்டீங்களா என்று கேட்டாள், அவள் குரலில் ஒரு சங்கடம் இருந்தது. இல்லை, முறை வைத்துப் பண்ணுகிறோம் என்றேன். அப்படின்னா இப்ப யார் முறை என்றாள். சிவப்புப் புள்ளியைப் பார்த்து, ரூதா என்றேன். சிரித்துவிட்டாள். நேற்று அவளிடமிருந்து செய்தி வந்தது, அடுத்த குளிர்காலம் முடிகிற வரை வேலை நமக்குத்தான்.

உன் பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன், கோபிக்காதே. நீ கூப்பிடுவது அன்பால்தான் என்று தெரியும். என்னால் இங்கே இருக்க முடியுமா என்றுதான் எனக்கே தெரியாமல் இருந்தது, இப்போது தெரிகிறது. நீ இரும்புச் சத்து மாத்திரையை விடாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே, மாப்பிள்ளையைச் சமைக்கச் சொல், நிறைய நேரம் நிற்காதே. ஹீட்டர் கெட்டுப்போனால் எங்கள் நம்பருக்குப் பண்ணு, ஆனால் ஃபுவாதினோ மகள் என்று சொல்லி வரிசையில் முந்தாதே, பெதேலோ அதைச் சொல்லியே என்னை ஒரு வருஷம் கேலி பண்ணுவான்.

ஆண்டவர் உன் வீட்டு வாசலிலும் படுக்கையிலும் காவலாய் இருக்கட்டும், உன் பிரசவம் லேசாய் முடியட்டும், பிறக்கிற பிள்ளைக்கு அதன் தாத்தாவின் பொறுமை வரட்டும். பிள்ளை பிறக்கும்போது குளிர் முடிந்திருக்கும், போனும் குறைந்திருக்கும், நான் கட்டாயம் வந்து உன்னைப் பார்த்துக்கொள்வேன். டிக்கெட் எடுக்கும்போது மறக்காமல் திரும்பி வரவும் சேர்த்து எடு, போக மட்டும் எடுத்தால் நான் ஏற மாட்டேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
ஃபுவாதினோ