லங்கா என்றால் லங்காதானே

1991 ஓகஸ்ட் 5, திங்கள்

மழை. வான் வைப்பர் ஒன்று பழுது, என் பக்கத்து வைப்பர். காலையில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கடைக்கு அரிசி மூட்டை. பின்னேரம் ஹமர்ஸ்மித் கடைக்கு உறைந்த மீன். பிலிப்பீன் ஆட்களின் கடைக்கு டிரைவரானதிலிருந்து என் கோட்டெல்லாம் மீன் மணம் என்று மனிசி புஷ்பத்தின் முறைப்பாடு.

முதலாளி நேனா அக்காவும் பிலிப்பீன்காரிதான். மூன்றாவது கடையைச் சனிக்கிழமை ஈஸ்ட் ஹாமில் திறக்கிறார். பக்கத்து ஆஸ்பத்திரியில் பிலிப்பீன் நேர்ஸ்மார் நிறைய. திறப்புவிழாவை ஒழுங்காக நடத்திக் காட்டினால் நான்தான் மனேஜராம். இல்லாவிட்டால் பழையபடி வான். கணக்கில் இரண்டு தரம் பெயிலான எனக்கு மனேஜர் வேலை!

ஓகஸ்ட் 6, செவ்வாய்

வெயில். நேனா அக்கா போனில், அவருடைய இங்கிலிஷில். நூடில்ஸ், வினாகிரி, சோயா சோஸ் மற்றக் கடைகளிலிருந்து வரும்.

"லங்கா மட்டும் நீர் பாரும். நிறைய எடும். முதல்நாள் எல்லாரும் அதைத்தான் கேப்பினம்."

நெஞ்சு நிறைந்துவிட்டது. ஈஸ்ட் ஹாமில் நம் இலங்கை ஆட்கள் அதிகம் என்று யோசித்து, ஒரு பிலிப்பீன் பெண் லங்காச் சாமான் கேட்கிறார். புஷ்பம் நம்பவில்லை. "வடிவாக் கேட்டனீங்களே?"

"லங்கா எண்டால் லங்காதானே."

ஓகஸ்ட் 8, வியாழன்

மொத்தக் கடையிலிருந்து வான் நிறைய. பனங்கிழங்கு இடித்த ஒடியல்மா, அதையே அவித்துக் குச்சி குச்சியாகக் காயவைத்த புழுக்கொடியல், குரக்கன்மா, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய். வாசலுக்கு நேரே அடுக்கினேன். குனிந்து நிமிர்ந்து நாரி முறிந்தது. மகள் சுகந்தி 'லங்கா' என்று இங்கிலிஷில் பெரிய பலகை எழுதித் தந்தாள். டை கட்டிப் பார்த்தேன்.

"அப்பா, வழக்குக்குப் போற ஆள் மாதிரி இருக்கு. சாட்சி இல்லை, மற்ற ஆள்."

ஓகஸ்ட் 9, வெள்ளி

கடைக் கக்கூஸ் குழாய் ஒழுகல். மனேஜரானால் இது யார் வேலை? என்னுடையதுதான் போல.

ஓகஸ்ட் 10, சனி

பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். ரிபன் வெட்டல். நைட் ஷிப்ட் முடிந்த நேர்ஸ்மார் யூனிபோமோடேயே வந்துவிட்டார்கள். முதல் வந்தவள் கேட்டதே லங்காதான். பெருமையாகப் பலகையைக் காட்டினேன். புழுக்கொடியலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். அடுத்தவளும் லங்கா. அதற்கடுத்தவளும். நேனா அக்கா வந்து பார்த்தார்.

"இதென்ன, விறகோ?"

அவர்கள் பாஷையில் லங்கா என்றால் பலாப்பழமாம். பாகில் போட்டுப் போத்தலில் வரும். ஐஸ் போட்டுத் தின்னும் இனிப்புக்கு அது இல்லாமல் சரிவராதாம். அந்தப் போத்தலை இரண்டு வருடம் பெட்டி பெட்டியாகச் சுமந்தவன் நான். மூடியின் நிறத்தைப் பார்த்து அடுக்குகிற ஆள். லேபிள் எல்லாம் படித்தவர்களுக்கு.

நேனா அக்கா ஏசவில்லை. அதுதான் பயம். மனேஜர் கதை முடிந்தது என்றே நினைத்தேன்.

விழாவுக்கு வந்திருந்த புஷ்பம் தெருவில் இறங்கினாள். திரும்பி வரும்போது யாரிடமோ இரவல் வாங்கிய பிள்ளை வண்டில். உள்ளே தமிழ்க்கடையில் வாங்கிய முழுப் பலாப்பழம், சால்வை போர்த்தபடி.

"டையைக் கழட்டிப்போட்டு வெட்டுங்கோ."

லங்காத் தட்டிலிருந்தே நல்லெண்ணெய் எடுத்துக் கையில் பூசி, கடை நடுவில் பேப்பர் விரித்து வெட்டினேன். மணம் தெருவுக்குப் போய்விட்டது. நேர்ஸ்மார் சுளையை வாங்கி நின்றபடியே தின்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள், பிறகு இன்னும் இரண்டு கேட்டாள். மணம் பிடித்து நம்மவர்களும் எட்டிப் பார்த்தார்கள். "அண்ணை, ஆருக்குக் கலியாணம்?" சுளை தின்ன வந்தவர்கள் ஒடியல்மாவைக் கண்டார்கள். பின்னேரம் தட்டில் தூசிதான் மிச்சம். ஒரு யாழ்ப்பாணத்து அம்மா நேர்ஸ் ஒருத்திக்கு ஒடியல் கூழ் காய்ச்சும் விதத்தைக் கையாலேயே விளக்கினார். கூழுக்குள் போட நண்டு என்று விரலால் நடந்து காட்டியதும் இரண்டு பேருக்கும் பாஷை வந்துவிட்டது.

பழம் போதாமல் புஷ்பம் இன்னும் இரண்டு தரம் வண்டில் தள்ளினாள். தெருவில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி பிள்ளையைப் பார்க்கக் குனிந்தாளாம்.

ஓகஸ்ட் 11, ஞாயிறு

விரலெல்லாம் பலாப்பால். பேனை ஒட்டுகிறது. சேர்ச் பூசை முடிந்து நேனா அக்கா போன் எடுத்தார். லங்காத் தட்டு அப்படியே இருக்கட்டுமாம். மற்ற இரண்டு கடையிலும் ஒன்று போடலாமாம். நாலாவதுக்கு இல்ஃபோர்ட்டில் இடம் பார்க்கிறாராம். மனேஜர் கதையை மட்டும் காணோம்.

"கடை உமக்குத்தான்," என்றார் கடைசியில். "ஓடர் மட்டும் இனி உம்மடை மனிசியோடை கதைக்கிறன். போனைக் குடும்."

புஷ்பம் ஏற்கெனவே பென்சிலோடு பக்கத்தில்.