அந்தக் காலத்து வீட்டின் விதி

என்னவருக்கு,

குழந்தை இப்போதுதான் தூங்கினாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

உங்கள் அருங்காட்சியகத்துப் பழங்கால வீட்டில் வேடம் கட்டியவர்கள் முந்நூறு வருடத்துக்கு முந்தைய பேச்சைத்தான் பேச வேண்டும் என்ற விதி எனக்கும் தெரியும். அதனால்தான், இன்று நாங்கள் அங்கே பார்க்க வந்தபோது இவள் "அப்பா, தூக்கு!" என்று கையை நீட்டியதற்கு, "யார் பெற்ற செல்வமோ!" என்று நீங்கள் நகர்ந்தபோது பொறுத்துக்கொண்டேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஆனால் உங்கள் மனைவியாக நடிப்பவள் அடுப்பில் விரலைச் சுட்டுக்கொண்டதும், "ஐயோ, என்னடி ஆச்சு? காட்டு, காட்டு!" என்று ஓடினீர்களே, அப்போது விதி எங்கே போனது?

சந்தேகமெல்லாம் இல்லை. சும்மா கேட்கிறேன்.

காலையில் பதில் சொல்லுங்கள். வசனம் வேண்டாம். அவளிடம் பேசிய மாதிரியே என்னிடமும் பேசுங்கள்.

உங்கள்
இந்தக் காலத்து மனைவி