முன்கையில் ஒரு சாக்பீஸ் வட்டம்

செவ்வாய், இரவு.

தோல் தொழிற்சாலையில் என் வேலை தரம் பார்ப்பது. நகக்கீறல் அளவு குறை இருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவேன். என் சொந்தத் தோலிடம் அவ்வளவு கண்டிப்பு இல்லை. முன்கையில் புண் ஆறி வரும் இடத்தையெல்லாம் பிய்த்துவிடுகிறேன். நிறுத்த முடியவில்லை, இப்போது சீழும் வைத்திருக்கிறது.

இன்று மாலைத் தேநீர் நேரத்தில் பக்கத்து மேசை நூர்ஜஹான் அக்கா என் கையை இழுத்து, புண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

"இதையும் ரிஜெக்ட்ல போட்டுடவா?"

"விடுங்கக்கா, பழக்கமாயிடுச்சு."

"இன்னா பழக்கம்? வெறும் டீய குடிச்சிட்டு சாப்டாம கெடக்குற நாள்லதான் ஜாஸ்தி பிய்க்கிற. நான் பாக்கலன்னு நெனச்சியா?"

டப்பாவை நீட்டினார். மதியமே தன் சாப்பாட்டில் பாதியை எனக்காக எடுத்துவைத்திருக்கிறார். சப்பாத்தியும் பருப்பும். தின்றேன். வேலை முடியும்வரை நகம் முன்கைப் பக்கம் போகவில்லை.

இதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். பசிக்கும் பிய்ப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லிவிட்டு எல்லாக் கட்டுரையும் முடிந்துவிடும். ஒன்றுகூடச் சப்பாத்தி கொடுத்ததில்லை.

அக்கா நன்றாக இருக்கட்டும்.

இப்போது லேசாக அரிக்கிறது. சமையலறையில் இரண்டு வாழைப்பழம் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன்.