ஹைனரே கேட்டும் திறவாத படலை

மச்சாள்,

வலது கையை நெஞ்சில் வைத்து, தொண்டையைச் செருமி, சபையோருக்கு அறிவிக்கிறேன்: ஜேர்மனியில் புல்லுக்காக நடந்த மகா யுத்தத்தைப் பற்றி நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த யுத்தத்தில் நின்ற நீ இப்போது இல்லை. இடையில் மறித்து, "அத்தான், அவ்வளவு பெரிய மாடு ஒண்டும் அங்க நிக்கேல்லை" என்று என் மானத்தை வாங்க ஆளில்லாத துணிச்சலில் எழுதுகிறேன்.

இன்று பின்னேரம் நானும் உன் அக்காவும் ஆஹெனிலிருந்து மலைப்பக்கம் காரில் போனோம். முன்னால் ஒரு டிராக்டர், அதன் பெட்டி நிறையப் புளித்த புல். மணம் காருக்குள் வந்துவிட்டது. பாதி தோசை மா, பாதி கள்ளு, அதற்கு மேலே கொஞ்சம் ஈரச் சப்பாத்து. "ஜன்னலைப் பூட்டுங்கோ" என்றாள் உன் அக்கா. நீ இதே மணத்தோடு லீவில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே மறித்து, உடுப்போடு குளியலறைக்குள் தள்ளிவிடுகிறவள் அவள்தானே. நான் பொத்தானை அமத்தப் போனேன். "வேண்டாம், விடுங்கோ" என்றாள். அந்த டிராக்டரை முந்துவதற்கு நல்ல இடங்கள் வந்தன, போயின. நான் முந்தவில்லை. அது எங்கே திரும்புமோ அங்கே நாங்களும் திரும்பிவிடுவோம்போல, நத்தை வேகத்தில், அந்தப் புளிப்பு மணத்தின் பின்னால் போய்க்கொண்டேயிருந்தோம்.

ஐஃபல் மலையில், பெல்ஜியம் எட்டிப் பார்க்கும் தூரத்தில், நாற்பது பசுக்களோடு தனியனாக வாழ்ந்த கமக்காரன் ஹைனரிடம் நீ வேலைக்குப் போனபோது உன்னை நான் எவ்வளவு பகிடி பண்ணினேன்! பசு என்றால் பால் பைக்கற்றில் இருக்கிற படம் என்று மட்டும் தெரிந்தவள் நீ. ஆனால் ஹைனர் வேலையோடு ஓர் அறையும் தந்தார். கொட்டிலுக்கு மேலே, சரிந்த கூரைக்குக் கீழே, ஒரு கட்டிலும் ஒரு சின்னக் குசினியும். நாட்டை விட்டு வந்த நாளிலிருந்து முதலில் அகதிக் காம்ப், பிறகு எங்கள் வீடு என்று அடுத்தவர் கதவுகளுக்குள்ளேயே காலம் போக்கியவள், முதல் நாளே டெலிபோன் எடுத்தாய். "அத்தான், உள்ளுக்க நிண்டு பூட்டிப் பாத்தன். ஒருத்தரும் வந்து தட்டேல்லை." அன்றைக்கு மட்டும் பகிடியை விட்டுவிட்டு, பூட்டு நன்றாக விழுகிறதா என்று கேட்டேன்.

பிறகு பிஸ்கற் பக்டரியில் எனக்கு வேலை போனது. உன் சிபாரிசில் ஒரு வசந்த காலத்துக்கு நானும் ஹைனரின் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தேன். சாணித்துறை உதவி அமைச்சர் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டேன். நீ அதை அங்கீகரிக்கவில்லை.

"வீட்டிலதான் நீங்கள் எனக்கு அத்தான். இஞ்ச ஏழு மணிக்கெண்டால் ஏழு மணி."

"பஸ் பிந்திப்போச்சு, மச்சாள்."

"மாட்டுக்கு அதைச் சொல்லுங்கோ. கேக்குதோ பாப்பம்."

வசந்த காலம் என்றேனே, அது ஒரு பேச்சுக்கு. இரண்டாயிரம் பிறந்து சில வருஷமான அந்த ஆண்டில் வசந்தம் வரவேயில்லை. சூரியன், ஜேர்மன்காரரைப்போல முன்கூட்டியே நேரம் குறித்து, தெர்மீன் எடுத்துக்கொண்டுதான் வந்தது. அதையும் வருவதற்கு முன்னால் தள்ளிப்போட்டது. மழை தெர்மீனே கேட்கவில்லை. குயில் ஒன்று வந்து ஒரு தரம் கூவிவிட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு திரும்பிப்போனதை நானே கண்டேன். புல், மண்ணுக்குள்ளிருந்து தலையை நீட்டி, ஹைனரின் முகத்தைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் படுக்கிறேன்" என்று போர்வையை இழுத்துக்கொண்டது. காலையில் மலை முழுதும் மூடுபனி நிற்கும். அதற்குள் நாங்கள் இருவரும் வாளிகளோடு நடக்கும்போது நம் கால்கள் நமக்கே தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் இரண்டு மனிதர்கள் பாலில் மிதந்து போவதுபோல இருக்கும்.

விஷயம் தெரியாதவர்கள் யாராவது இதை வாசித்தால் அவர்களுக்காக: குளிர்காலத்தில் மாடுகள் தின்பதற்கு மே மாதத்துப் புல்லை வெட்டி, பெரிய சீமெந்துக் கிடங்கில் கொட்டி, டிராக்டரை மேலே ஏற்றி ஏற்றி இறுக்கி, கறுத்தப் பிளாஸ்ரிக்கால் மூடி, பழைய ரயர்களை மேலே அடுக்கிப் புளிக்க விடுவார்கள். ஹைனர் அதைச் சிலாஷ என்பார், நான் மாட்டு ஊறுகாய் என்பேன். அதற்காகக் காட்டோரத்து வெளியை ஹைனர் ஒதுக்கி, வேலியடைத்து, வாசலுக்கு ஒரு படலைக் கதவு போட்டிருந்தார். வெட்டும்வரை ஒரு மாட்டின் நாக்கும் அங்கே படக்கூடாது. நல்ல வருஷங்களில் அது பெரிய காரியமில்லை. அந்த வருஷம் பழைய கிடங்கு வழித்துத் துடைத்தாகிவிட்டது. மற்ற வெளிகளை மாடுகள் மண் தெரிய நக்கிவிட்டன. காட்டோரத்தில் மட்டும் விரலளவு பச்சை. அதைத் திறந்துவிட்டால் இப்போதைய பசி தீரும், ஆனால் வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. "இந்த முறை வெட்டு இல்லையென்றால் குளிருக்கு முன்னம் மாடுகளை விற்றுவிடுவேன்" என்று ஹைனர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாடு போனால் உன் வேலை போகும். வேலை போனால் அந்த அறையும் போகும்.

பால் கறந்துகொண்டிருந்தபோது ஹைனர் வந்து நின்றது நினைவிருக்கிறதா? தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு, "எனக்கு இளகின மனம். அதுகள் கத்தினால் நான் திறந்துவிடுவேன். படலை இனி உன் பொறுப்பு. நானே வந்து கேட்டாலும் திறக்காதே" என்றார். நீ என்னைப் பார்த்தாய்.

"அத்தான், இவர் வந்து கேட்டாலும் எண்டே சொன்னவர்?"

"ஓம். தன்னை நம்பாத எண்டு தானே வந்து சொல்லுறார். இப்பிடியொரு முதலாளியை நான் கண்டதேயில்லை."

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்குக் கனவுபோலத்தான் கிடக்கின்றன. கரண்ட் வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது பசுக்களும் வரிசையாக நிற்கும், முதல் பந்தியில் இடம் கிடைக்காத கலியாண வீட்டு ஆட்களைப்போல. கத்துவார்கள் பார், பெல்ஜியத்தில் கோப்பைகள் அலுமாரியை விட்டுக் குதிக்கும். நில நடுக்கம் என்று சனம் பைஜாமாவோடு தெருவில் நிற்கும். இந்தப் பக்கம் நீயும் நானும் கவிழ்த்த வாளிகளில், நடுவில் தேத்தண்ணிப் போத்தல். நீ புட்டியில் பால் கொடுத்து வளர்த்த பசு லீசல், விலாவெல்லாம் தெரிய, கூட்டத்திலிருந்து விலகி வந்து உன்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மற்றவை கத்தும். அவள் கத்தமாட்டாள்.

"என்னைப் பாக்காதயடி. நானும் வெறும் பாண்தான் தின்னுறன்" என்பாய் நீ. பிறகு எழுந்துபோய் கிழங்கு வெட்டி, வைக்கோலோடு பிசைந்து, மற்ற மாடுகளுக்குத் தெரியாமல் வேலிக்குக் கீழால் தள்ளுவாய். நாற்பது மாட்டுக்குத் தெரியாமல் என்ன செய்யலாம்?

இனி யுத்தம். சபையோர் நிமிர்ந்து உட்காரவும்.

ஒரு காலை மூடுபனி இரண்டாகப் பிளந்தது. ஒன்பதடி உயரத்தில், தோளில் காகங்கள் இருக்க, ஹைனர் வந்தார். அவருக்குப் பின்னால் நாற்பது பசுக்கள், ஒவ்வொன்றும் ஒரு ரயில் பெட்டியளவு. "படலையைத் திற!" என்ற சத்தத்தில் காட்டு மரங்களெல்லாம் பின்னால் ஓர் அடி நகர்ந்தன. அப்போது நீ எழுந்தாய், மச்சாள். எழுந்தாய், எழுந்தாய், எழுந்துகொண்டேயிருந்தாய். உன் தலை முகிலில் முட்டியது. சாணி வாரும் சவளை ஒரு கையில் சுழற்ற, மறு கையால் வானத்தைத் தள்ளிப் பிடித்தாய். பிறகு ஜேர்மன் மொழியில், ஒரு சொல்லுக்கும் ஆண்பால் பெண்பால் பிசகாமல், மூச்சு விடாமல் ஒரு மணித்தியாலம் முழங்கினாய். அதன் சாரம் இது: "போன கிழமை வந்த ஹைனர்தான் என்ர முதலாளி. அவர் திறக்க வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது."

ஹைனர் சுருங்கினார். எட்டடி, ஐந்தடி, ஒரு சாண். கடைசியில் நான் குனிந்து அவரை எடுத்து என் சட்டைப்பைக்குள் வைக்கவேண்டியதாகிவிட்டது. பைக்குள்ளிருந்து மெல்லிய குரலில், "நாளைக்கும் வருவேன். நாளைக்கும் இதையே சொல்" என்றார். தினமும் வந்தார். தினமும் நீ சொன்னாய்.

இந்தக் கதையை எத்தனை பிறந்தநாள் வீடுகளில் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் ஹைனர் அரையடி வளர்வார். நீ ரோல்ஸ் கடித்துக்கொண்டு மூலையிலிருந்து, "பொய்யிலயும் ஒரு அளவு வேணும், அத்தான்" என்பாய். ஆனால் சொல்லி முடியும்வரை எழுந்துபோக மாட்டாய்.

பிறகு மழை வந்தது. குளிர் மழையல்ல, சுடுதண்ணி ஊற்றினதுபோல ஒரு வெதுவெதுப்பு, இரண்டு மூன்று நாள் விடாமல். அதோடு புல் விழித்துக்கொண்டது. நிலத்தில் காதை வைத்தால் கேட்கும்: ஒரு பெரிய வீட்டில் பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் பட்டுச்சேலை மாற்றுவதுபோல ஒரு சரசரப்பு. காலையில் நட்டுவைத்த மண்வெட்டியை மத்தியானம் காணோம். நடந்துபோன ஹைனரின் தொப்பியைப் புல் கழற்றி, போட்டுப் பார்த்து, பிடிக்காமல் திருப்பித் தந்தது. பூனை உள்ளே போனது; வெட்டின பிறகுதான் வெளியே வந்தது, பேரப்பிள்ளைகளோடு.

வெட்டுகிற நாள் விடியற்காலையில் நாம் மூவரும் கைகளை விரித்து, ஒருவர் விரல் மற்றவர் விரலைத் தொடும் தூரத்தில், புல்லுக்குள் நடந்தோம். மான்கள் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போகும். மெசின் வந்தாலும் குட்டி ஓடாது, இன்னும் ஒட்டிப் படுக்கும். அதனால் முதலில் தேடவேண்டும். இடுப்பளவு புல், அதன் நுனியெல்லாம் பனித்துளி, நாம் போன வழி பின்னால் கறுத்த கோடாகக் கிடந்தது. எனக்கு நடக்கிறேனா நீந்துகிறேனா என்று தெரியவில்லை. நீ நின்றாய். உன் காலடியில், நான்காக மடித்துவைத்த சால்வைபோல, வெள்ளைப் புள்ளிகளோடு ஒரு குட்டி.

"உஷ்! மூச்சு விடாதேங்கோ, அத்தான். காலமை திண்ட உள்ளி மணக்குது."

மனித மணம் பட்டால் தாய் ஏற்காது என்று, இரண்டு கையிலும் புல்லைப் பிடுங்கி, அந்தப் புல்லால் ஏந்தி, காட்டோரத்தில் கொண்டுபோய் வைத்தாய். அது ஒருமுறை உன்னைப் பார்த்தது. பிறகு தன் பாட்டில் கண்ணை மூடிக்கொண்டது.

அன்று முழுதும் நீ டிராக்டரில் இருந்து புல் மேட்டின்மேல் முன்னும் பின்னுமாக, பிள்ளையைத் தாலாட்டுவதுபோலப் போய் வந்துகொண்டிருந்தாய். பின்னேரம் கறுத்த பிளாஸ்ரிக்கை இழுத்து மூடி, ரயர்களை எறிந்து முடித்தபோது ஹைனர் கிடங்கைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "மாடுகள் இங்கேயே நிற்கும்" என்றார். அவ்வளவுதான். நீ குசினி ஜன்னலில் வைக்க ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கித் தரச்சொல்லி அந்த இடத்திலேயே என்னிடம் கேட்டாய்.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்த அறையிலேயே இருந்தாய். கடைசி வசந்தத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், குளிசை எதற்கென்று கேட்கவில்லை, "வெட்டியாச்சோ?" என்றுதான் கேட்டாய். வெட்டியாகிவிட்டது என்றேன். நீ இல்லாமல் இது இரண்டாவது வெட்டு.

சரி, மச்சாள். சபை கலைந்துவிட்டது, இப்போது சொல்லலாம். காகங்கள் இல்லை. பெல்ஜியத்தில் ஒரு கோப்பையும் உடையவில்லை. ஹைனர் சத்தம் போடவேயில்லை. "கொஞ்சமாவது திறப்போமா" என்று அழுகிற குரலில் கேட்டார். ஒரு மணித்தியாலப் பேச்சு முழுதும் நான் உனக்காகப் பிறகு இட்டுக்கட்டியது. நீ சொன்னது ஒரேயொரு சொல்: "நைன்." மாட்டேன் என்கிற அந்த ஒரு சொல்லும் ஓரடி பின்னால் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று உண்மை. ஒரு கையைப் படலையில் வைத்திருந்தாய். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தாய். நான் பின்னால் நின்றதால் கண்டேன், அது நடுங்கிக்கொண்டிருந்தது. அதை உனக்கு நான் சொன்னதேயில்லை. எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் சொன்னதில்லை. கதையில் எதை எதையோ பெரிதாக்கினேன், அந்தக் கையை மட்டும் ஒன்றும் செய்ய மனம் வரவில்லை. அன்றைக்கு வானத்தில் ஒரு துண்டு முகிலும் இல்லை, மச்சாள். மழை வருமென்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தெரியாது.