ஆம்ப்ளிஃபயரைத் தொடப் பயந்த வாரம்

ஜன. 19, திங்.

காலையில் பனி, பிறகு சுள்ளென்று வெயில். தெரு முழுக்க லாரிப் புழுதி. ஜன்னல்கள் சாத்தியபடி, நாள் முழுக்க ஏசி. டாக்டர் உத்தரவு.

நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து வீடு திரும்பிய என் வீட்டுக்காரர் இன்றுதான் பாட்டுக் கேட்கணும் என்றார். எனக்குச் சந்தோஷம். ஹாலைக் கடந்து போய் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டார். படக்கென்று ஒரு பொறி. ஸ்பீக்கரிலும் டொப். கையை உதறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு உயிரே இல்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, முகம்தான் வெளுத்துவிட்டது.

"ஸ்டெல்லா, அத்த ஆஃப் பண்ணு. கரண்டு லீக்காவுது. பாட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம்."

ஹார்பரில் கிரேன் ஓட்டியவர். இப்போது ஒரு பெட்டிக்குப் பயம். பிளக்கைப் பிடுங்கினேன். பால் வாங்க மறந்தாச்சு.

ஜன. 20, செவ்.

மூட்டம். கருவாட்டுக் குழம்பு, அவருக்கு உப்பில்லாமல் தனியாக ரசம்.

எலக்ட்ரீஷியன் சலீம் பாய் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். லீக் இல்லை, எர்த்தும் சரி. இவர் நம்பவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பாத்ரூம் போனவர், கதவுக் கைப்பிடியில் கை வைத்ததும் "அய்யோ" என்றார். அங்கேயும் பொறி!

கைப்பிடியில் ஏது கரண்ட்? நானும் பாயும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு இடத்துக்கும் அவர் நடந்து போனது புது கார்ப்பெட் மேல். மகள் அனுப்பியது, நைலான். நான் சமையலறைப் பக்கம் வெறும் டைல்ஸில்தான் நடக்கிறேன். எனக்கு ஒருநாளும் அடித்ததில்லை.

பாய் சிரித்துவிட்டார். "ஏசி போட்டு ரூமு காஞ்சி கீது. அண்ணாத்த ரப்பர் செருப்ப இதுல தேச்சிகினு நடக்குறாரு. ஒடம்புல சார்ஜ் ஏறிக்கினு, இரும்ப தொட்டா எறங்குது. அவ்ளோதான்க்கா."

அவ்வளவுதானா? ஆனால் அந்த பேஸ்மேக்கர்? இதுவே மனதில்.

ஜன. 21, புத.

க்ளினிக். இருந்த பயத்தில் ஆட்டோவில் ஜெபமாலை. மெஷினை வைத்துச் சோதித்த டாக்டரம்மா, பேஸ்மேக்கர் நன்றாக ஓடுகிறது, இப்படிப்பட்ட சின்னப் பொறி அதை ஒன்றும் செய்யாது என்றார். இவர் அதையே மறுபடி கேட்டார். டாக்டரம்மாவும் பொறுமையாக மறுபடி சொன்னார்.

வெளியே வந்து டீ. என் கையைப் பிடித்துக்கொண்டே குடித்தார்.

ஜன. 22, வியா.

கார்ப்பெட் பரணுக்கு. பருத்தி ஜமுக்காளம் விரித்தேன். ரப்பர் செருப்பு வீட்டுக்குள் கிடையாது. ஏசி குளிரைக் குறைத்து, காற்று காயாமல் இருக்க மூலையில் ஈரத்துண்டு. பெட்டியைத் துடைக்க நைலான் பிரஷ் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, லேசாக ஈரமான பருத்தித் துணி. ஆம்ப்ளிஃபயரைத் தொடும் முன் ஜன்னல் கம்பியைத் தொட்டு சார்ஜை இறக்க வேண்டும், கையில் பிடித்த சாவியால் தொட்டால் விரலில் சுருக்கென்று குத்தாது. பாய் சொன்னது. மகளிடம் கார்ப்பெட் பற்றி மூச்சு விடவில்லை.

ஜன. 23, வெள்.

கடல் காத்து. வஞ்சிரம் நல்லா கிடைத்தது.

சாயந்திரம் அவராகவே எழுந்தார். நான் பிளக்கைச் சொருகிவிட்டு, கரண்டியோடு சமையலறை வாசற்படியில். கம்பியைத் தொட்டார். பெட்டி முன்னால் விரல் சற்று நின்றது. தொட்டார்.

பொறியும் இல்லை, டொப்பும் இல்லை.

பாட்டு வந்தது. திரும்பிப் பார்த்து, "இன்னா நின்னுகினு கீற, மீனு கருவுது பாரு" என்றார். கருகத்தான் செய்தது. சவுண்டைக் கூட்டினார். குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை.