வாசலில் கோழி எலும்பு

நவம்பர் 18, செவ்வாய்.

எங்கள் பூனை மணி இன்றும் தெருவிலிருந்து கோழி எலும்பைக் கவ்வி வந்து வீட்டுக்காரம்மா வாசலில் போட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை வேறு. ஜன்னலை அடைத்தால் இரவெல்லாம் கத்துகிறது, திறந்தால் இந்த வேலை. சைவம் என்று பொய் சொல்லித்தான் எங்களுக்கு இந்த அறையே கிடைத்தது.

"பூனை தின்னுச்சா, மதராசிங்க தின்னீங்களா?" என்று இந்தியில் கத்தினாள். "நாளைக்குள்ள அதை விரட்டு. இல்லன்னா நீங்க கெளம்புங்க."

"நாம முட்டையவே ஒளிச்சு ஒளிச்சுத் திங்கிறோம், இதுக்குத் துணிச்சலப் பாரு" என்று மணியைத் திட்டிக்கொண்டே அம்மா தன் தயிர்சோற்றை அதற்கு ஊட்டினாள்.

மாலையில் பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு கேட்டேன். வாடகையைச் சொல்லும் முன்பே என்ன சாப்பிடுவீர்கள், என்ன ஜாதி என்கிறார்கள்.

காலையில் மணியை மீன் சந்தையில் விட வேண்டும். பையின் ஜிப் சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.